நான்கு நிமிடம்

பெர்பெரா துறைமுகம். காலை ஐந்தரை.
வெயிலுக்கு முன்னே வந்துவிட்டது மணற்காற்று.
வெள்ளைப் பீங்கானில் ஒரு துளி சீரம்,
பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஒரு துளி மருந்து.
குச்சியால் கலக்கி
இப்படியும் அப்படியும் சாய்க்கிறேன்,
நான்கு நிமிடம்.
ஒன்றும் நேராவிட்டால் கப்பல்.
மணல்மணலாய்த் திரண்டால்
தனிக்கொட்டில்.

கூலேத்தின் காளைகள் நாற்பத்தாறு.
ஜிஜிகாவுக்கும் அப்பால் எங்கிருந்தோ
நடத்தியே கொண்டுவந்தான்.
இங்கே வேலிக்குள் இருபத்தொரு நாள்:
தீவனக் காசு, தண்ணீர்க் காசு, ஊசிக் காசு.
நாற்பத்தைந்து குழாய்கள் வாய் திறக்கவில்லை.
417 திரண்டது.

புதுக் குழாய், புதுக் குச்சி.
திரண்டது.
மூன்றாம் முறை செய்தது காளைக்காக இல்லை,
சன்னலுக்கு வெளியே
அவன் நின்றுகொண்டிருந்தான்.

தரகர் பீஹி தேநீரோடு வந்தார்.
"காதுவில்லை வெறும் பிளாஸ்டிக்தானே, தேகா.
மாற்றினால் ரத்தமா வரப்போகிறது?"
வரும். காது கிழியும்.
சொல்லவில்லை.
ஏலக்காய் மணம் நன்றாகத்தான் இருந்தது.
ஆறவிட்டேன்.

என் இடது முழங்காலுக்குத் தெரியும் இந்த நோயை.
விருந்துக்குப் போன வீட்டில்
காய்ச்சாத பால், ஒரே ஒரு கிண்ணம்.
எட்டு மாதம்
அந்தி சாய்ந்தால் காய்ச்சல்,
விடிந்தால் ஈரப் பாய்.
மலேரியா என்றார்கள், கண்ணேறு என்றார்கள்,
கல்யாணத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்றும் சொன்னார்கள்.
ஜித்தாவில் எவனோ ஒருவன்
கையுறை இல்லாமல் கத்தி பிடிப்பான்.
அவன் பெயர் எனக்கு வேண்டாம்.

417-ஐப் பிரித்துக் கட்டினார்கள்.
கூலேத் சண்டை போடவில்லை.
"முன்னால் போவது அதுதான்.
அது ஏறாமல் மற்றவை ஏறா" என்றான்.

ஏறவில்லை.
பலகையின் அடியில் நாற்பத்தைந்தும் நின்றன.
கம்பு, விசில், வசவு.
கப்பல் இரண்டு முறை ஊதிவிட்டது.
குளம்புகளுக்குக் கீழே இரும்பு கொதித்தது.

கொட்டிலுக்கு வந்து
417-இன் கயிற்றைக் கேட்டான்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்,
கயிற்றைப் பற்றி ஒரு வரி இருந்தது.
கிருமிநாசினி வாளியில் முக்கி,
சொன்ன நேரம் ஊறவிட்டு
எடுத்துக் கொடுத்தேன்.
இனி அதில் மருந்து வாடைதான்.

சொட்டும் கயிற்றைக்
காளையின் கழுத்து உயரத்தில் பிடித்தபடி
பக்கத்தில் யாரோ வருவதுபோல்
திட்டிக்கொண்டே ஏறினான்.
ஒன்று மூக்கை நீட்டியது.
பிறகு பலகை முழுக்கக் குளம்புகள்.

சான்றிதழில் நாற்பத்தாறை அடித்து
நாற்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
கொட்டிலில் 417
அந்தச் சத்தம் அடங்கும்வரை
வாயிலிருந்த புல்லை மெல்லவில்லை.