இந்தக் கணினிக்கு இல்லை

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால்
ஆறு படகுக்கும் அபராதம்.
மீன்வளத் துறையின் தளமோ
என் உலாவியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது:
பழசு. புதுப்பித்துக்கொண்டு வா.
போனேன்.
உலாவி இயங்குதளத்தைக் கைகாட்டியது.
இயங்குதளம் அதைச் செய்த கம்பெனியைக் கைகாட்டியது.
கம்பெனியின் பதில் ஒரே வரி,
சாம்பல் பெட்டிக்குள், ஒரு மன்னிப்புகூட இல்லாமல்:
இந்தக் கணினிக்கு இல்லை.

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்
ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு.
ஜலசந்தியிலிருந்து ஏறிவரும் காற்று
கூரைத் தகடுகளை ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகும்,
தப்பாக எண்ணிவிட்டு மறுபடி தொடங்கும்.
யெர்க்கோ வந்தான். மீசையில் பனி.
நண்டுக் கூடை பின்னித் தடித்த விரல்களுக்கு நடுவே
நகம் அளவு ஒரு பென்டிரைவ்.
பொய் சொல்ல வேண்டியிருக்கும் நெரீனா, என்றான்.
யாரிடம்?
முதலில் இதனிடம். பிறகு இதுவே எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளும்.

2009. வெள்ளைப் பிளாஸ்டிக்.
மணிக்கட்டு படும் இடம் மட்டும் பல்கறை மஞ்சள்.
உப்பிப்போன பேட்டரியைப் போன ஜனவரியில் கழற்றி எறிந்தேன்,
அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடிருக்கிறது.
பத்துத் திருகாணியில் ஆறு மிச்சம்.
நினைவகம், செத்துப்போன இன்னொன்றின் வயிற்றில் இருந்தது.

ஆனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை,
இதைச் சொல்லியாக வேண்டும்.
வாங்கிய அன்று எத்தனை வேகத்தில் கூட்டியதோ
அதே வேகத்தில்தான் இன்றும் கூட்டுகிறது.
கேள்வி கேட்கிறவர்கள்தான்
வருஷா வருஷம் குரலை மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு விசையை அழுத்திப் பிடிக்கச் சொன்னான் யெர்க்கோ.
பிடித்தேன், மருத்துவர் ஊசி குத்திய இடத்தைப்
பிடித்துக்கொள்ளச் சொன்னதுபோல.
பொய் ரொம்ப எளியது:
யார் கேட்டாலும் 2015இல் பிறந்தேன் என்று சொல்.
ஆயிரம் பொய்யில் நடக்கும் கல்யாணங்களைப் பார்த்தவள் நான்.
ஆறு வருஷம் ஒரு பெரிய விஷயமா?

இன்னும் பன்னிரண்டு நிமிடம், என்றது திரை.
இரண்டு மணி நேரம்
பன்னிரண்டு நிமிடமாகவே இருந்தது.
நடுவில் பருப்பு சூப் சூடாக்கினேன்.
யெர்க்கோ நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.
அவன் குறட்டை எது, கணினியின் விசிறி எது என்று
ஒரு கட்டத்தில் தெரியவில்லை.

கண் விழித்தது.
கை கால் வரவில்லை. விசைப்பலகை செத்திருந்தது.
வெளியிலிருந்து ஒன்றை மாட்டினோம்.
நிறங்கள் திட்டுத்திட்டாக, ஊதா ஏரி ஒன்று பின்னணியில்.
ஒவ்வொரு சாளரமும்
ஈரப் போர்வையை இருவர் சேர்ந்து விரிப்பதுபோல்
மெல்லத் திறந்தது.
கேமரா எரியவில்லை. நல்லதுதான், நான் இருந்த கோலத்துக்கு.
அப்புறம், கதவைத் திறந்தால் ஆளையே தூக்கும் இந்த ஊரில்
காற்றில் வரவேண்டிய இணையம் மட்டும் வரவில்லை.

ஒட்டுப்போட்டான். வரவில்லை.
ஒட்டின்மேல் ஒட்டு.
நாலு பத்துக்கு, இரண்டு கோடு.

தளம் என்னை உள்ளே விட்டது,
முந்தாநாள் அடித்துத் துரத்தியது தான்தான் என்ற
நினைவே இல்லாமல்.
ஆறு படகு, பதினோரு நாள், அரச நண்டு இத்தனை கிலோ.
ரசீது எண்ணைக் காகிதத்திலும் எழுதிவைத்தேன்,
அந்த அளவுக்குத்தான் நம்பிக்கை.

யெர்க்கோ போகும்போது சொன்னான்:
இனி அது என்ன கேட்டாலும் சம்மதிக்காதே.

காலை ஒன்பதுக்கே கேட்டது.
வலது மூலையில், வட்ட முனைகளோடு ஒரு சீட்டு:
உங்களுக்காகப் புதிய பதிப்பு தயார்.
இன்றிரவு, நீங்கள் தூங்கும்போது நிறுவட்டுமா?
இத்தனை வருஷம் ஏறெடுத்தும் பார்க்காத கம்பெனி
பொய்யை அப்படியே நம்பி
இளசென்று கொஞ்சுகிறது.

பிறகு, என்று அழுத்தினேன்.
வெளிச்சம் வர இன்னும் நேரமிருந்தது.
தரையில் கிடந்த மின்கம்பியில் கால்படாமல்
அறையைச் சுற்றிக்கொண்டு
தேநீர் வைக்கப் போனேன்.