ஏழு கிலோ

விடிகாலை காசிமேடு.
நூறு கிலோ ஐஸ் இறக்கினால்
லாஞ்சில் ஏறும்போது தொண்ணூற்று மூன்று.
உருகியதற்கு யாரும் ரசீது கேட்பதில்லை.

செல்போனில் வாங்கியிருந்தேன்;
அமெரிக்கச் சந்தை, மூணு மடங்கு.
திங்களன்று சந்தை பத்து சதவீதம் விழுந்தது,
எனக்கு முப்பது.
செவ்வாய் ஏறி
பழைய புள்ளியிலேயே வந்து நின்றது.
"வந்துட்ச்சு மச்சான்!"
ரெமிஜியுஸ் டீ வாங்கித் தந்தான்.

ஆப்பைத் திறந்தேன்.
நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.

மூணு மடங்கு என்பது ஒருநாள் பேச்சாம்;
ராத்திரிக்கு ராத்திரி புதுக் கணக்காம்.
நான் படிக்காமல் 'சம்மதம்' அமுக்கிய பக்கத்தில்
எழுதியே இருக்கிறது.

சந்தை முழுசாய்த் திரும்பிவிட்டது.
ஸ்டெல்லாவின் வளையல் இன்னும்
வண்ணாரப்பேட்டை அடகுக்கடையில்.
வட்டிக்குச் சறுக்கலே கிடையாது.

கோணியை இழுத்து ஐஸை மூடுகிறேன்.
அடியில்
சொட்டுகிறது.