பதினாலாம் அறைக் குடியரசு

ஜம்பட்டா வீதி, மூன்றாம் மாடி.
பன்னிரண்டடிக்குப் பத்தடி.
வடக்கே பொதுக் கக்கூஸ், தெற்கே ஜன்னல்,
கிழக்கே பதின்மூன்றாம் அறை,
மேற்கே ஈரம் ஊறிய சுவர்.
அதற்கப்பால் யாரும் போனதில்லை.

எட்டு மணி நேர மின்வெட்டில் பிறந்தது நாடு.
பால்மா ரின்னில் மெழுகுதிரியை ஒட்டி வைத்துவிட்டு
தவேந்திரன்தான் சொன்னான்:
"ஒரு நாடும் எங்களுக்கு விசா தருகுதில்லை.
நாங்கள் குடுப்பம்."

சிரித்தோம்.
பிறகு ஒருவன் கொப்பி எடுத்தான்.

விடியுமுன் யாப்பு, பதினொரு பிரிவு.
ஏழாம் பிரிவு: கண் விழித்தவனிடம்
"ஏஜென்சிக்காரன் என்னவாம்" என்று கேட்பது
தண்டனைக்குரிய குற்றம்.
கொடி, நியாஸின் பச்சைச் சாரம்.
முத்திரை, பாதி உருளைக்கிழங்கில் செதுக்கிய மின்விசிறி.
கறுக்கத் தொடங்கியதும் மையைக் கழுவிக்
கறியில் போட்டுவிட்டு
வேறொன்று வெட்டுவோம்.

எனக்குத் தண்ணீர் அமைச்சு.
நாலரைக்கு எழும்பி, குழாய் இருமும்வரை
இருட்டில் குந்தியிருந்து
இரண்டு வாளி.
உலகத்துக் குழாயெல்லாம் வலப்பக்கம் மூடும்.
எங்களது இடப்பக்கம்.
அது மட்டுமே அரச இரகசியம்.

பதின்மூன்றில் மரியறோசலின், ஒரு மகள்,
சுவிஸில் புருஷன், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.
வாளித் தண்ணீருக்குத் தேத்தண்ணி என்று
உடன்படிக்கை எழுதிக் கொண்டுபோனோம்.
முழுக்க வாசித்தா.
"என்றென்றும்" என்றதை வெட்டி
"விசா வரும்வரை" என்று எழுதி
ஒப்பமிட்டா.

மூன்றாம் மாதம் பிரிவினை.
மின்விசிறிக் காற்று பத்திநாதனின் பாய்க்கு
எட்டவேயில்லை.
சோக்கட்டியால் தரையில் கோடு கீறி
இந்தப் பக்கம் தன் நாடு என்றான்.
நாங்கள் கூடிப் பேசினோம்.
நிலம் போதாது என்றோம்.
இது நேரமில்லை என்றோம்.
குழு ஒன்று அமைப்போம் என்றோம்.
சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது,
இவையெல்லாம்
எங்கள் தகப்பன்மார் கேட்டுக் கேட்டுப்
பாடமாக்கிய பதில்கள்.
ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை.
கோடு அப்படியே கிடந்தது.

சுற்றிவளைப்பு ஒரு வெள்ளி இரவு.
சப்பாத்துச் சத்தம் முதலாம் மாடியில் கேட்டபோது
யாப்பைக் கிழிக்கத் தொடங்கினோம்.
நாடு என்ற சொல் சட்டைப்பையில் இருந்ததற்கே
ஆட்கள் போய்த் திரும்பாத காலம்.
பதினொரு பிரிவும் கக்கூஸுக்குள் போயின.
ஒரு வாளியில் போகவில்லை.
இரண்டாவதையும் ஊற்றினேன்.
என் அமைச்சு செய்த ஒரே பெரிய சேவை அதுதான்.
கொடியை நியாஸ் உடுத்திக்கொண்டான்.

சார்ஜன்ட் தரையைப் பார்த்தார்.
"மே மொக்கத?"
"பாய் விரிக்க, மாத்தயா."
கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவனின்
பொலிஸ் பதிவுத் துண்டு
இரண்டு நாள் பிந்தியிருந்தது.

ஒன்பது நாள் கழித்துப் பத்திநாதன் வந்தான்.
ஏழாம் பிரிவு இல்லாமலே
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
மின்விசிறிக்கு நேர் கீழே அவன் பாயை விரித்தோம்.
கேட்டதைவிடக் கூடவே கொடுத்தோம்.
முதுகு தரையில் படாமல்
குப்புறக் கிடந்தான்.

அதன்பிறகு குடிசனம் குறைந்தது.
தவேந்திரன் நோர்வேக்கு. நியாஸ் கட்டாருக்கு.
உடன்படிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலாவதியானது;
அடுப்பை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப்
போயிருந்தா மரியறோசலின்.
பத்திநாதன் எங்கே என்று தெரியாது.
என் காசோடு ஏஜென்சிக்காரன்தான் வெளிநாடு போனான்.
நான் டாம் வீதி இரும்புக்கடையில் கணக்கெழுதுகிறேன்.

போன மாதம் மழைக்கு ஒதுங்கினேன்.
கீழே போன் கடை. மேலே
கவர்ப் பெட்டிகள் கூரைவரை.
கக்கூஸ் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.
"அது பழுது அண்ணை, பூட்டேலாது" என்றான் பெடியன்.
இடப்பக்கம் திருப்பினேன்.
நின்றது.

"முந்தி இஞ்ச இருந்தனீங்களோ?"

"ஓம் தம்பி," என்றேன்,
"அரசாங்க உத்தியோகம்."