நாலு முட்டை

லோகு அவிநாசி ரோட்டைத் தாண்டி
அந்தக் காலேஜுக்கே போயிட்டானுங்.
ஃபீஸ் கிடையாதாம்,
ஹாஸ்டலில் தினம் நாலு முட்டையாம்.
பேக்கரியில் தேங்காய்பன்னைப் பிட்டபடி
பூபதி அவன் நம்பரைப் போனிலிருந்து அழித்தான்.
"மனப்பாடமா இருக்குதே, அதை என்ன பண்றது?"

சனிக்கிழமை மேட்ச்.
நீலச் சட்டையில் இறங்கினான்.
தொண்டை கிழியக் கத்தினோம்:
முட்டைக்குப் போனவனே,
இன்னும் எழுத முடியாததெல்லாம்.
அவன் குனிந்து காலுறையை இழுத்துவிட்டான்,
எப்போதும்போல் இடதை மட்டும்.

எழுபதாவது நிமிஷம்
வலது ஓரத்தில் அந்தப் பழைய வெட்டு.
எங்கள் கீப்பருக்குத் தெரியும், கேலரிக்கே தெரியும்,
தெரிந்து என்ன.
பந்து வலையைத் தொடுமுன்னே
நான் எழுந்து நின்றிருந்தேன்,
வாய் வரைக்கும் வந்துவிட்டது 'கோ'.

பூபதி மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.
கொட்டாவி, என்றேன்.