மணிக்கட்டின் சுற்றளவு

அபர்டீனில் மழை படுக்கைவாட்டில் பெய்யும்.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை
ஈரத் தலையோடு நேர்காணலுக்கு வந்தாள்
இஷ்பெல் மக்ரே.

படிப்பு: பாலினமும் பாலீர்ப்பும். முதல் வகுப்பு.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கத்தில் வேறேதும் படித்திருக்கிறாளா என்று.

எங்கள் வேலை
எண்ணெய் மேடைக்குப் போகிறவர்களை
ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுவது.
விழுந்தால் கடல் ஆறு டிகிரி.
உடலுக்கும் அதற்கும் நடுவே
ஒரே ஓர் ஆரஞ்சு நிற உடை.

"இந்தப் படிப்பை வைத்து என்ன செய்வதாக உத்தேசம்?"
ஏட்டுச் சுரைக்காய் என்று நான் நினைத்தது
முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.
அவள் கோபப்படவில்லை.
சுவரில் தொங்கிய உடையைக் காட்டி,
"இது யாருக்குத் தைத்தது?" என்றாள்.
எல்லோருக்கும்.
"எல்லோரும் எவ்வளவு உயரம்?"

எடுத்துக்கொண்டேன்.
அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை,
என் பெருந்தன்மை என்று
எவரும் எழுதிவிட வேண்டாம்.
கிடங்கு உதவியாளர், ஆறு மாதம், தற்காலிகம்.

இரண்டாம் வாரம் ஓர் அளவு நாடாவோடு
ஓய்வறையில் போய் உட்கார்ந்தாள்.
மின்பணியாளர் அய்லித் சட்டைக் கையை மடித்தாள்:
ஒன்பது வருடமாக
மணிக்கட்டில் ரப்பர் பட்டை சுற்றித்தான் பறந்திருக்கிறாள்.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"சொன்னால் உடையையா மாற்றியிருப்பீர்கள்?
ஆளைத்தான் மாற்றியிருப்பீர்கள்."

பயிற்சிக் குளத்தில் இறக்கிப் பார்த்தோம்.
அவள் உடைக்குள் புகுந்த தண்ணீரை
வாளியில் பிழிந்து அளந்தோம்.
இரண்டரை லிட்டர்.
யாரும் பேசவில்லை.

அன்று மாலை, கதவு சாத்தியிருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்துவிட்டு
வெல்டர் கென்னத் பை வந்தார்.
ஐந்தடி மூன்றங்குலம்.
காலணிக்குள் நாலு சோடி காலுறை திணித்து
ஆம்பிளை அளவில் நடந்துகொண்டிருந்தவர்.
அவரையும் அளந்தாள்.
அந்தத் துறையில் ஆண்களைப் பற்றியும்
படிக்கிறார்கள் என்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு படிவம்.
'மனைவி பெயர்' என்றிருந்த வரியை அடித்துவிட்டு
'உங்களுக்கு ஏதாவது ஆனால்
முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?'
என்று எழுத
நான்கு கூட்டங்கள் நடந்தன.
ஒரு வரிக்கு நான்கு கூட்டமா
என்று மூன்றில் கத்தியவன் நான்.

டூகல் ரென்னி பதினொரு வருடப் பழக்கம்.
எதைக் கேட்டாலும்
"வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன்" என்பான்.
வீட்டில் யார் என்று
நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.
பழைய படிவத்தில் அவன் போட்டதெல்லாம்
ஒரு சின்னக் கோடு.
புதிய தாளை வாங்கியவன் பேனா கேட்டான்.
ஒரே ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண்.
அதை எழுத அவனுக்கு
ஒரு தேநீர் ஆறும் நேரம் பிடித்தது.
நான் படிக்காமல் கோப்பில் வைத்தேன்.
சரி, படித்தேன்.
அன்றிலிருந்து
"ஆர்ச்சி எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறேன்.
நன்றாக இருக்கிறாராம். முழங்கால்தான் தொந்தரவு.

போன மாதம் தலைமையகத்திலிருந்து ஒரு அட்டவணை:
இந்தப் பணியிடத்தால் நிறுவனம் ஈட்டியது எவ்வளவு?
எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டம்.
நெடுநேரம் யோசித்து
14.2 என்று போட்டேன்.
ஆயிரம் பவுண்டா, லட்சமா என்று
திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.
அய்லித்தின் மணிக்கட்டு என்று
இன்னும் பதில் எழுதவில்லை.

இஷ்பெல் அதற்குக் காத்திருக்கவில்லை.
மூன்று வருடம், அதே கிடங்கு உதவியாளர் சம்பளம்,
வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.
வியாழக்கிழமை ஸ்டவாங்கரில் நேர்காணல்.
பரிந்துரைக் கடிதம் கேட்டாள்.
நல்லதாகத்தான் எழுதினேன்,
கையெழுத்துப் போடத்தான் நேரமாயிற்று.

அங்கேயும் ஒருவன்
தாளைத் திருப்பிப் பார்ப்பான்.
அவன் முதுகுக்குப் பின்னால்
சுவரில் ஓர் உடை தொங்க வேண்டும்.