அடையாளக் குறி

சர்வே எண் முன்னூற்றுப் பன்னிரண்டு, கீழ்ப்பாகம்.
ஊர் வாயில் அது பட்டாள விளை.
பட்டாவில் பேர் மாற்ற வேணுமென்றால்
மூல ஆதாரத்தில் உள்ள ஆள்
செத்ததற்கும்
வாரிசில்லாமல் செத்ததற்கும்
ரேகை வேணும் என்றார்
வேர்க்கிளம்பி வில்லேஜாபீசர்.

அப்படித்தான் ஆதாரக்கட்டைப் பிரித்தேன்.
முத்திரைப்பத்திரம் நாலு, கரம் கட்டிய ரசீது,
இடையில், எலி ஒரு மூலையைத் தின்ற
சம்பளப் புத்தகம்.

பேர்: ஜெசுதின்.
ஏசுவடியான் என்று இவர் சொன்னது
மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான்.
தொழில்: கூலி.
உயரம்: ஐந்தடி மூன்றங்குலம்.
அடையாளக் குறி: நெஞ்சில் தீக்காயத் தழும்பு, இரண்டு.

தீயில்லை துரையே, பனை.
நாளொன்றுக்கு நாற்பது பனை, காலையும் மாலையும்
உரசி ஏறி உரசி இறங்கி
தோல் காய்த்துக் கறுத்தது.
பாதம் இரண்டையும் திளாப்பு உள்நோக்கி வளைத்திருந்தது.
பட்டாளம் கொடுத்த பூட்ஸ்
கடைசிவரை கடித்திருக்கும்.

நாற்பத்திரண்டு, ஆடி.
பாளை வற்றி, மரச்சீனிக்கும் வழியில்லாத நேரம்.
சண்டை போடவா போனார்கள்?
சோறு தின்னப் போனார்கள்.
அவருக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை,
மண்வெட்டி.
பர்மா பக்கம் மலையை வெட்டி ரோடு.
நாற்பத்தைந்து தையில் மலேரியா என்று
வேறொரு மையில், வேறொரு கையெழுத்து.

மாதம் பன்னிரண்டு ரூபாய் வீட்டுக்கு.
ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம்.
இந்தக் கணக்கை வேதவசனம் போல ஒப்பிப்போம் நாங்கள்:
அந்தக் காசில் விளை,
விளையில் ரப்பர்,
ரப்பரில் அத்தைமார் இரண்டுபேர் கழுத்துக்கும்.
கிறிஸ்மஸ் ஜெபத்தில் அவருக்கும் ஒரு வரி உண்டு.
கல்யாணம் கழிக்காமல் குடும்பத்துக்காகப் போன
பட்டாளத்துப் பாட்டா.

கடைசித் தாள் ஒட்டியிருந்தது.
சவரபிளேடால் பிரித்தேன்.
பணம் போகவேண்டிய ஆள்: ஞானப்பூ.
உறவு: மனைவி.
மேற்பார்வை: தமையன் தாசையன்.

தாசையன் என்றால் என் பாட்டா.
மணியார்டர் துண்டுகள் இருபத்தொன்பது
நூலில் கோர்த்துக் கிடந்தன.
பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில்
எல்லாவற்றிலும் ஒரே பெருவிரல்.
பனையேறியின் விரல். அகலம்.
பெண்ணின் விரல் என்று
எந்த அஞ்சல்காரன் நம்பினான்?

எங்கள் சபை ரிஜிஸ்டரில் ஞானப்பூ இல்லை.
கல்யாணத்திலும் இல்லை, அடக்கத்திலும் இல்லை.

மூத்த அத்தைக்கு போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் அங்கே டிவி மட்டும் பேசியது.
"வந்தா ஒருநாளு. எனக்கு ஏழு வயசு காணும்.
கூட ஒரு ஆம்பிளப் பிள்ள, நாலு வயசு.
முத்தத்துல நின்னா.
தண்ணி கேட்டா, குடுத்தோம்."

"பெறவு?"

"பெறவு என்ன? போனா."

வில்லேஜாபீசர் படிவத்தைத் தள்ளினார்.
வாரிசு என்ற கட்டம், அதற்கு நேரே வெள்ளை.
"இல்லைன்னு எழுதும் ஓய்.
எல்லாவனும் அப்பிடித்தான எழுதுதான்."
பேனா அவருடையதுதான், நன்றாக எழுதக்கூடியதுதான்.
நாளைக்கு வாறேன் என்று
படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

விடியுமுன் மூன்று மணிக்கு
தலையில் லைட்டைக் கட்டிப் பால்வெட்டப் போனேன்.
நூற்றுப் பதினாலு மரம்.
கத்தி தொட்ட இடத்தில் வெள்ளையாய்ப் பொடித்து
சரிவில் இறங்கி
சிரட்டைக்குள் சத்தமில்லாமல் விழுந்தது.
கீழ்வரிசைக்கு வந்தபோது
கை ஓடவில்லை.
எட்டு மரம், வெட்டாமல் திரும்பிவிட்டேன்.

ஷீட்டடிக்க உறை ஊற்றும்போது ரெஜினாள் கேட்டாள்,
இன்னைக்கென்ன பால் குறவு?

மழைக்கோளு என்றேன்.
வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை.