பனிவாரி

கேஸ் பில்லைத் திருப்பிப் போட்டு
நடுவே ஒரு கோடு கிழித்தான் எல்ஸ்வர்த்.
இடப்பக்கம் பஃபலோ. வலப்பக்கம் மேக்கன், ஜார்ஜியா.
வெங்காயம் நறுக்கியபடி நான் சொல்லச் சொல்ல
அவன் எழுதிக்கொண்டே போனான்.

வீட்டு விலை: அங்கே பாதி.
பனி: அங்கே இல்லை.
என் மூட்டுவலி: இங்கே.
டெல்ஃபின் படுத்திருக்கும் இடம்: இங்கே.

பேனா நின்றுவிட்டது.
அதைக் கூட்டலில் சேர்ப்பதா, கழித்தலிலா?
வெங்காயம் என்று சொல்லி
முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் போய்ப் பார்த்தும் வந்திருந்தோம்.
விமான நிலையக் கதவு திறந்ததும்
ஈரத்துண்டால் யாரோ வாயைப் பொத்தியது போல வெயில்.
கடையில் இவன் ஒரு குழாய் வாஷர் கேட்டான்;
தக்காளிச் செடிக்கு வரும் நோய்களைப் பற்றிப்
பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான்
எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர்.
இங்கே பக்கத்து வீட்டு மனிதரோடு
பத்து வருடத்தில் நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும்
அவ்வளவு வராது.
ஆனால் விடிவதற்குள் என் காரைப்
பனியிலிருந்து தோண்டி எடுத்துவைத்துவிட்டு
சத்தமில்லாமல் உள்ளே போயிருப்பார்.
இதையும் எழுது என்றேன்.
எந்தப் பக்கம் என்றான்.

வீடு காட்டிய ப்ரூக் என்ற பெண்
சமையலறை மேடையைத் தட்டிக்காட்டியபடி
"எந்தச் சர்ச்சுக்குப் போவீர்கள்?" என்றாள்,
எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்பது போல.
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்
குழாயைத் திறக்கக் கை நீட்டினோம்.
தண்ணீர் நன்றாகவே வந்தது.

இவன் அப்பா அந்த ஊர்க்காரர்.
பத்தொன்பது வயதில் ஒரு ராத்திரி ரயிலேறியவர்
சாகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.
ஏன் வந்தீர்கள் என்று கேட்டால்
"வெயில்" என்பார்.
உருக்காலையில், உலை வாயில்,
முப்பத்தொரு வருடம் நின்ற மனிதர்
சொன்ன காரணம் அது.

மேக்கனில் ஒரு மாலை
இவன் மட்டும் ஆற்றோரம் நடந்துவிட்டு வந்தான்.
என்ன பார்த்தாய்?
"ஒன்றுமில்லை. எதிரே வந்தவர்கள் எல்லோரும்
நின்று நலம் விசாரித்தார்கள்."
எந்த நிறத்தவர்கள் என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
அன்றிரவு ஏசி சத்தத்தைக் கேட்டபடி
கண் திறந்தே கிடந்தான்.

ஒடெஸா போன வருடமே அங்கே போய்விட்டாள்.
பிப்ரவரியில் அழைக்கிறாள்:
"வெறுங்காலோடு புல்லில் நிற்கிறேன், படம் அனுப்பட்டுமா?"
சூறாவளிச் சங்கு ஊதினால் என்ன செய்வாய் என்றேன்.
"குளியல் தொட்டிக்குள் படுத்து
மேலே மெத்தையை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.
ஐந்து நிமிடம். உன் பனி ஐந்து மாதம்."

இக்கரைக்கு அக்கரை பச்சை.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்:
இக்கரை முழுக்க வெள்ளை.
பழமொழியைக் குறைசொல்ல வழியில்லை.

டயாலிசிஸ் மையத்தில் எனக்கென்று வைத்திருக்கும் வேலைக்கு
ஏப்ரல் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.
பில் தாள் ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது;
போகிற வருகிற போதெல்லாம் இருவரும் ஆளுக்கொன்று எழுதுகிறோம்.
"பீச்" என்று அவன் எழுதியிருக்கிறான்.
"ஜூலை" என்று பக்கத்திலேயே நான்.

மார்ச் நடுவில், யாரும் எதிர்பாராத பனி ஒன்றில்
பழைய வாரியின் கைப்பிடி முறிந்தது.
கல்யாணமான வருடம் வாங்கியது, மரப்பிடி.
கடைக்குப் போய் வந்தான் எல்ஸ்வர்த்,
கையில் ஒரு பிளாஸ்டிக் வாரி, எட்டு டாலர்.
வளைத்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரி வளைந்தது.

"அடுத்த வருடத்துக்கு இது தாங்காது" என்றேன்.
"தெரியும்" என்றான்.
கோட்டின் பொத்தானை அவிழ்க்காமலே
வெளியே போய் வாரத் தொடங்கிவிட்டான்.

முடிவை இப்படியா சொல்வார்கள் ஒருத்தியிடம்!
கோபத்தில் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.
பிறகு மேஜையில் கிடந்த ரசீதை எடுத்துப் படித்தேன்.
முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாமாம்.
நான்காய் மடித்து
என் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.